கியர் மாறும் அந்த ஒரு கணம்



‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. அடுப்படி வேலை முதல் திருவிழாத் தேர் வரை எல்லாவற்றிற்கும் பொருந்தும் இவ்வாக்கு, இந்நாளில் நம் சிறுவர்களின் கைக்கு வந்திருக்கும் ஒரு விளையாட்டுப் பொருளுக்கும் அப்படியே பொருந்துகின்றது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் மாமன்மாரும் சித்தப்பன்மாரும் விடுமுறையில் ஊர் திரும்பும்போது வாங்கி வருகின்ற ரிமோட் லாரியைத்தான் குறிப்பிடுகின்றோம். அவற்றுள் விலையுயர்ந்த சிலவற்றில், மெய்யான லாரியில் உள்ளதுபோலவே கியர் பெட்டி உண்டு. தொலைவில் நின்றபடியே ஒரு பட்டனை அமுக்கி, இரண்டு கியர்களுள் வேண்டியதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

“பல்லாயிரம் ரூபாய் வண்டி, சாமி. ஒரு வாரம்கூட ஓடவில்லை. கறகறவென்று சத்தம் போட்டது, நின்றுவிட்டது. பையனுக்கு நல்ல அடி கொடுத்தேன்” என்று தந்தையொருவர் நம்மிடம் முறையிட்டார். பையனைக் கேட்டால், “பட்டனைத்தான் அமுக்கினேன், சாமி” என்றான். இருவர் சொன்னதும் உண்மையே. பட்டனை அமுக்கியது குற்றமன்று. அதை எந்த நேரத்தில் அமுக்கினான் என்பதில்தான் வண்டியின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன. அந்த நேரத்தை அவனுக்கு எவரும் கற்றுத்தரவில்லை. அடிப்பதற்கு முன், அவ்வண்டியின் வயிற்றுக்குள் என்ன நிகழ்கின்றது என்பதைத் தந்தையும் மகனும் ஒருங்கே அமர்ந்து அறிந்துகொள்வது நன்று. ஆதலால் இம்மாதம் அதையே எழுதத் துணிந்தோம்.

கம்பியில்லாக் கட்டளையால் ஓர் ஊர்தியை நடத்தும் கலை புதிதன்று. 1898ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் சிறு படகொன்றை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். விளையாட்டு வண்டிகளில் அத்தகைய கட்டளையால் கியரையும் மாற்றலாம் என்பது வெகு காலம் கழித்து வந்தது. ஜப்பான் நாட்டின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த டாமியா நிறுவனம் 1981இல் வெளியிட்ட டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டியில் மூன்று வேகக் கியர் பெட்டி இருந்தது. அமெரிக்காவின் டிராக்சஸ் நிறுவனம் 2009இல் ‘சம்மிட்’ என்ற வண்டியையும், 2017இல் ‘டிஆர்எக்ஸ்-4’ என்ற வண்டியையும் இரண்டு கியர்களோடு வெளியிட்டது. பெயர்கள் பலவாயினும் உள்ளமைப்பு ஏறத்தாழ ஒன்றே. தன் வேகத்திற்கேற்பத் தானே கியரை மாற்றிக்கொள்ளும் வண்டிகளும் உள்ளன. அவை வேறு வகை. ஓட்டுகிறவன் கட்டளையிட்டால் மட்டுமே மாறுகின்ற வகையைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

இனி உள்ளே நடப்பதைக் காண்போம். மோட்டார் மிக வேகமாகச் சுற்றுகின்றது. அந்த வேகத்தை அப்படியே சக்கரத்திற்குக் கொடுத்தால் வண்டி பாயுமேயன்றி இழுக்காது. ஆகவே சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றும்படி அமைத்து, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகின்றனர். இரண்டு கியர் வண்டியில் இத்தகைய இணைகள் இரண்டு உள்ளன. முதற்கியரில் வேகம் குறைவு, இழுவை அதிகம். மேடு, மணல், கல் ஆகியவற்றிற்கு உரியது. இரண்டாங்கியரில் வேகம் அதிகம், இழுவை குறைவு, சமதரைக்கு உரியது. இவ்விரண்டிற்கும் நடுவே, பக்கவாட்டில் பற்கள் கொண்ட ஒரு வளையம் இங்குமங்கும் நகர்கின்றது. அது எந்தப் பக்கத்துச் சக்கரத்தோடு கோத்துக்கொள்கின்றதோ அந்தக் கியர் வேலை செய்யும். அவ்வளையத்தைத் தள்ளுவது சர்வோ என்னும் சிறிய மோட்டார். நாம் பட்டனை அமுக்கினால் உடனே ஓடித் தள்ளுவது அதுதான்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. கட்டளை கண் இமைப்பதற்குள் போய்விடும். ஆனால் பல் பல்லோடு சேர்வதற்குச் சிறிது நேரம் தேவை. வளையம் ஒரு வேகத்திலும் அது சேரவேண்டிய சக்கரம் வேறொரு வேகத்திலும் சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டும் எவ்வாறு கோத்துக்கொள்ளும்? ஒன்றையொன்று உரசும், முனைகள் மழுங்கும், சில வேளைகளில் முறியும். 

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதற்கியரில் மோட்டார் 30 சுற்றுச் சுற்றினால் சக்கரம் 1 சுற்றுச் சுற்றுவதாகவும், இரண்டாங்கியரில் 12 சுற்றுக்கு 1 சுற்று என்றும் வைத்துக்கொள்வோம். வண்டி இரண்டாங்கியரில் விரைகின்றது. சக்கரம் நொடிக்கு 5 சுற்று, மோட்டார் 60 சுற்று. அந்த ஓட்டத்திலேயே முதற்கியருக்கு மாற்றினால், மோட்டார் அக்கணமே 150 சுற்றுக்கு எகிறியாக வேண்டும். 90 சுற்று வேற்றுமையை அந்தச் சிறு பற்கள் தாங்க வேண்டும். பல் தாங்கினாலும் சக்கரம் சட்டென்று பிடிபட்டு வண்டி குப்புறக் கவிழும். அதுவே, வண்டியை ஊர்ந்து செல்லும் அளவுக்கு மெதுவாக்கி, சக்கரம் நொடிக்கு அரைச்சுற்று என்ற நிலையில் மாற்றினால், மோட்டார் 6 சுற்றிலிருந்து 15 சுற்றுக்குப் போனால் போதும். வேற்றுமை வெறும் 9. வண்டி அதே வண்டி. பல்லும் அதே பல். பொறுத்திருந்த நொடி ஒன்றே அதைக் காப்பாற்றியது.

“மெய்யான லாரியில் ஓடும்போதே மாற்றுகின்றார்களே?” என்று கேட்கலாம். அங்கே கிளட்ச் இருக்கின்றது. காலால் மிதித்து எஞ்சினையும் கியர் பெட்டியையும் சற்றே பிரித்து வைத்துவிட்டே ஓட்டுநர் கியரை மாற்றுகின்றார். சுழற்சி வேகங்களைத் தானே சமன் செய்யும் அமைப்பு இல்லாத பழைய லாரிகளில், ஒரு முறைக்கு இரு முறை கிளட்சை மிதித்து, எஞ்சின் ஓசையைக் காதால் அளந்து, வேகங்கள் ஒத்து வந்த பிறகே தண்டைத் தள்ளுவர். தவறினால் பல் கத்தும். கிளீனர் பையன்கூடச் சிரிப்பான். நம் ரிமோட் லாரியில் அத்தகைய கிளட்ச் இல்லை. ஆகவே வேகத்தைக் கூட்டும் விசையிலிருந்து விரலைத் தளர்த்துவதே அங்குக் கிளட்ச் மிதிப்பதற்கு ஈடாகும். விசையை இழுத்துப் பிடித்தபடியே பட்டனை அமுக்குவது, கிளட்சை மிதிக்காமல் லாரியின் கியர்த் தண்டைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பானது.

ஆகவே நம் பிள்ளைகள் கைக்கொள்ளவேண்டிய முறை இதுதான்.

முதலாவதாக, வண்டிக்கு முன்னே வரும் தரையைப் பார்த்து, எந்தக் கியர் தேவை என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மணலில் புதைந்து சக்கரம் திணறிய பிறகு மாற்றுவது காலங்கடந்த செயல். அப்போது பற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். சர்வோவால் வளையத்தை விடுவிக்க இயலாது. நம் கெடில ஆற்று மணலில் இறக்குவதானால், கரையில் இருக்கும்போதே முதற்கியருக்கு மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவதாக, விசையைத் தளர்த்தி வண்டியை மெதுவாக்க வேண்டும். முதற்கியரிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது வண்டி மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கலாம். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போதோ, வண்டி நின்றுவிட வேண்டும். அல்லது நிற்கும் நிலைக்கு வந்துவிட வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதற்கே பொறுமை அதிகம் தேவை என்பதை மேற்கண்ட கணக்கே விளக்கும்.

மூன்றாவதாக, பட்டனை அமுக்கியபின் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ‘டக்’ என்று ஓர் ஒலி எழுந்தால் பல் சேர்ந்தது. சில வேளைகளில் வண்டி முற்றிலும் நின்றிருக்கும்போது பல்லுக்கு நேரே பல் முட்டிக்கொண்டு உள்ளே இறங்காமல் நிற்கும். சர்வோ தள்ளிக்கொண்டே முனகும். அப்போது விசையை மயிரிழை அளவே அசைத்தால் சக்கரம் சற்றே திரும்பி, பல் பள்ளத்தில் விழுந்துவிடும். வேகமாக இழுத்தலாகாது.

நான்காவதாக, ஒலி கேட்டபின் மெதுவாகவே வேகத்தைக் கூட்ட வேண்டும். கறகறவென்ற ஓசை வந்தாலோ, மோட்டார் மட்டும் அலறிச் சக்கரம் சுழலாமல் நின்றாலோ, பல் சேரவில்லை என்று பொருள். உடனே விரலை எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் இழுத்தால் சரியாகிவிடும்’ என்று எண்ணுவதே பெரும்பாலான வண்டிகளுக்கு எமனாகின்றது.

ஐந்தாவதாக, தூய்மை. வளையத்தைத் தள்ளும் கம்பியில் மணல் அடைத்துக்கொண்டால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும். பாதி கோத்த பல், முழுச்சுமையையும் தன் முனையில் தாங்கி உடையும். கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரையில் ஓட்டிய வண்டியென்றால் உப்பும் சேர்ந்து இரும்பை அரிக்கும். வீடு திரும்பியவுடன் பழைய தூரிகையால் மணலைத் தட்டி, ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, உலர வைத்தல் வேண்டும். அவ்வாறு துடைக்கும்போது பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சுழலும் சக்கரத்தருகே குழந்தையின் விரல் ஒருபோதும் போகலாகாது.

இவற்றோடு ஒரு பொதுவிதியும் உண்டு. வண்டியை எடுக்கும்போது முதலில் ரிமோட்டை இயக்கி, அதன் பிறகே வண்டியை இயக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் வண்டியை நிறுத்தி, கடைசியாகவே ரிமோட்டை அணைக்க வேண்டும். கட்டளையிடுபவன் இல்லாத நேரத்தில் வண்டி விழித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதே இதன் கருத்து.

திருவதிகை மக்களுக்கு இவற்றை விளக்குவது கடினமன்று. முப்புரம் எரிக்கச் சிவபெருமான் தேரேறிய தலம் இது என்பது நம் இந்து சகோதரரின் மரபு. அட்டவீரட்டானம் எனப்படும் எட்டுத் தலங்களுள் இதுவும் ஒன்று. தேரோட்டத்தைச் சிறு வயது முதலே கண்டு வளர்ந்தவர்கள் நாம். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருப்பர். ஆயினும் தேரைக் காப்பவர் சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நடக்கும் சிலரே. வீதி முனையில் திருப்பவேண்டுமென்றால், முதலில் வடத்தைத் தளர்த்தச் சொல்வர். ஓட்டம் அடங்கியதைக் கண்ட பின்னரே கட்டையைக் கொடுப்பர். முன்னே இழுப்பவனுக்குச் சக்கரத்தின் நிலை தெரியாது. அருகே நிற்பவனுக்கே தெரியும்.

ரிமோட் லாரியின் இடர்ப்பாடும் அதுவே. ஓட்டுகிறவன் சக்கரத்தருகே இல்லை. மெய்யான வண்டியில் பல் கத்தினால் கைப்பிடி அதிரும், இருக்கை நடுங்கும், உடம்பே எச்சரிக்கும். ரிமோட் பிடித்தவன் விரலுக்கோ எதுவும் தெரியாது. பட்டனுக்குப் பல்லின் வலி தெரிவதில்லை. ஆகவே தொலைவில் நின்று ஓட்டுபவன், அருகில் அமர்ந்து ஓட்டுபவனைவிட இருமடங்கு பொறுமையுடையவனாக இருத்தல் வேண்டும்.

இதற்கு உலகறிந்த சான்று நிலவில் உண்டு. 1970 நவம்பர் 17 அன்று சோவியத் நாடு லூனகோத்-1 என்னும் எட்டுச் சக்கர ஊர்தியை நிலவில் இறக்கியது. 756 கிலோ எடையுள்ள அவ்வூர்திக்கு, மணிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் என இரண்டே வேகங்கள். அதனை ஓட்டியவர்கள் கிரிமியாவில் ஐவர் கொண்ட குழுவாக அமர்ந்திருந்தனர். கட்டளை நிலவைச் சென்றடைய ஒரு நொடிக்குமேல் ஆகும். அங்கிருந்து படம் சில நொடிகளுக்கு ஒன்றாகவே வரும். கண்முன் தெரிவது கடந்துபோன காட்சி என்பதை உணர்ந்து, நின்று நின்று, பார்த்துப் பார்த்து, 10 கிலோமீட்டருக்கும் மேல் அதனை நடத்தினர். அதற்கு அடுத்ததாக 1973இல் சென்ற லூனகோத்-2 இன்னும் நெடுந்தொலைவு ஓடியது. எனினும் அவ்வாண்டு மே மாதம் ஒரு குழிக்குள் இறங்கியபோது, திறந்திருந்த அதன் மேல்மூடி குழியின் சுவரில் உரசி மண்ணை அள்ளிக்கொண்டது. மூடியை மூடுகையில் அந்த மண், வெப்பத்தை வெளியேற்றும் பகுதியில் விழுந்தது; ஊர்தி சூடேறிச் செயலிழந்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் அந்த உரசலை எவர் உணர்ந்திருக்க முடியும்?

நம் நாட்டுப் பிரக்யான் ஊர்தியையும் எண்ணிப் பார்ப்போம். 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், நமக்கு அண்டை ஊராகிய விழுப்புரத்தைச் சேர்ந்தவர். 26 கிலோ எடையுள்ள அச்சிற்றூர்தியின் வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர். ஆகஸ்டு 27 அன்று 4 மீட்டர் அகலமுள்ள பள்ளமொன்று 3 மீட்டர் முன்னால் தென்பட்டது. நிறுத்தினர், வந்த வழியே திருப்பினர், வேறு பாதையில் நடத்தினர். எறும்பைவிட மெதுவாக ஊர்ந்த அந்த ஊர்தியைக் குறித்து உலகமே பெருமை பேசியது. மெதுவாகச் செல்பவன் கோழை என்று எண்ணும் சிறுவனுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பேச்சு ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. மேலே கூறாமல் விட்ட விதியொன்று இருக்கின்றது. அது சரிவைப் பற்றியது. வளையம் ஒரு கியரை விட்டு மற்றதைச் சேரும் இடைவெளியில் வண்டி எந்தக் கியரிலும் இல்லை. அதுவே நியூட்ரல். இவ்வண்டிகள் பலவற்றில் தனியாகப் பிரேக் கிடையாது. மோட்டாரே கியர் வழியாகச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகின்றது. கியர் விடுபட்டால் அந்தப் பிடியும் விடுபடும். முந்திரித் தோப்பின் செம்மண் மேட்டிலோ, கேப்பர் மலைச் சரிவிலோ பாதி வழியில் கியரை மாற்றினால், பல் சேர்வதற்குள் வண்டி உருண்டு ஓடும். ஓடிய வேகத்தில் பல் சேரவும் சேராது. ஆகவே சரிவில் கியர் மாற்றலாகாது. ஏறுமுன்பும் இறங்குமுன்பும் சமதரையிலேயே மாற்றிவிட வேண்டும்.

இவ்விதி பொம்மைக்கு மட்டும் உரியதன்று. பண்ருட்டியிலிருந்து பலாவும் முந்திரியும் ஏற்றிச் செல்லும் லாரிகளில் நம் பங்குக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஓட்டுநராகவும் கிளீனராகவும் செல்கின்றனர். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே இறங்குக என்று அங்கு எச்சரிக்கப்படுகின்றது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிவிடும் ஓட்டுநருக்கு எஞ்சினின் பிடி இல்லாமற் போகின்றது. சுமை முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க அது சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது. அப்போது கியரைப் போடலாம் என்று தண்டைத் தள்ளினால், நாம் மேலே போட்ட அதே கணக்குக் குறுக்கே நிற்கும்: வேகங்கள் ஒத்து வாரா, பல் சேராது. பொம்மை லாரிக்கு மாற்றுப் பல் விலைக்குக் கிடைக்கும். மலைச்சரிவில் உருண்ட லாரியின் ஓட்டுநருக்காக வாசலில் காத்திருக்கும் மனைவிக்கும் மக்களுக்கும் அத்தகைய மாற்று எந்தக் கடையிலும் கிடையாது.

ஆகவே பெற்றோரே, பையன் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு அப்பால் போய்விடாதீர்கள். பத்து வயதில் விரலுக்குப் பழகிய பழக்கம் இருபது வயதில் காலுக்கு வரும். விடுமுறை மாலையொன்றில் வீட்டுத் திண்ணையருகே சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். தளர்த்து, மாற்று, கேள், பிறகு ஓட்டு என்னும் நான்கு சொற்களை மட்டும் சொல்லிக்கொடுத்து, பத்து முறை செய்யச் சொல்லுங்கள். ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை அவன் விரல் விசைக்குப் போகாமல் காத்திருக்கின்றதா என்று பாருங்கள். காத்திருந்தால், மறுநாள் அவனைக் கெடிலத்து மணலுக்கு அழைத்துச் செல்லலாம்.